சிறுதேரும் தளர்நடையும்

1. ஆராயும் பொருள்

நடை பயிலத் தொடங்கிய குழந்தைக்கு வீட்டின் புறத்தே எவ்விளையாட்டைத் தெரிந்து அளிப்பது என்னும் வினா இக்காலத் தாயர்க்கே உரிய புதுவினா அன்று. குழந்தை வளரும் மனைதோறும் எக்காலத்தும் எழுந்த வினா அது. அதற்கு முன்னோர் கண்ட விடையை அறிய விழைவார்க்குத் தமிழிலக்கியம் இருவகைச் சான்று தருகின்றது. ஒன்று, சங்கச் செய்யுட்களில் ஆங்காங்கே தோன்றும் மனைக் காட்சிகள். மற்றொன்று, பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமும் அதற்கு இலக்கணம் வகுத்த பாட்டியல் நூல்களும். இவ்விரண்டனையும் ஒன்றாகவே கொண்டு, பின்னதன்கண் உள்ள பருவ முறையே பண்டு தொட்டு வந்த குழந்தை வளர்ப்பு முறை எனக் கொள்ளுதல் பலர்க்கும் இயல்பாயிற்று. அங்ஙனம் கொள்ளுதல் பொருந்துமா என்பதனைச் சிறுதேர் என்னும் ஒரு விளையாட்டுக் கருவியைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறுதேரை யாம் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. சங்கச் செய்யுட்களிலும் பிள்ளைத்தமிழிலும் ஒருங்கே பயில்வது அது. இன்றும் நடைவண்டி என்னும் பெயரால் தமிழ் மக்களிடையே வழங்குவதற்கு இனமானதும் அதுவே. எனவே, அதன் வரலாறு காகிதத்தோடு நின்றுவிடும் வரலாறு அன்று. குழந்தைக்கு எதனை, எப்பொழுது, எவ்விடத்து அளித்தல் வேண்டும் என்னும் அறிவு ஒரு மக்களிடையே எவ்வாறு நிலைபெற்றது, எவ்வாறு நெகிழ்ந்தது என்பதனை அதன்வழிக் காணலாம்.

2. பாட்டியலார் வகுத்த நிரல்

குழந்தையைப் பாட்டுடைத் தலைமையாகக் கொண்டு பாடுதற்குத் தொல்காப்பியப் புறத்திணையியலிலேயே இடம் உண்டு. ஆயின், அதனைப் பத்துப் பருவங்களாக வகுத்து இன்ன பருவம் இன்ன திங்களில் என வரையறுத்தோர் பிற்காலப் பாட்டியலாரே ஆவர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொதுவாவன. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற்கு உரியன. கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல் முதலியவற்றினின்று தெரிந்தெடுத்த மூன்று பெண்பாற்கு இறுதியில் வரும்.

இப்பருவங்களை 3-ஆம் திங்கள் முதல் 21-ஆம் திங்கள் ஈறாக ஒற்றைப்பட்ட திங்கள்களில் நிரலே அமைத்துப் பாடுதல் பாட்டியலார் கூறும் முறைகளுள் ஒன்று. அம்முறைப்படி எண்ணின், செங்கீரை 5-ஆம் திங்களிலும், சப்பாணி 9-ஆம் திங்களிலும், வருகை 13-ஆம் திங்களிலும், சிறுதேர் 21-ஆம் திங்களிலும் அமையும். பிற்பருவங்களை இன்னும் தள்ளி வைப்பாரும் உளர். எவ்வாறு வைப்பினும், சிறுதேர் வருகைக்குப் பின்னர், அதுவும் பெரும்பாலும் இறுதிப் பருவமாக, நிற்றல் காண்கின்றோம்.

இந்நிரலின் முற்பகுதி குழந்தையின் உடல் வளர்ச்சியோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துச் செல்கின்றது. தலை நிமிர்த்தி ஆடுதற்குப் பின் இருந்து கைகொட்டுதலும், இருந்து கைகொட்டுதற்குப் பின் எழுந்து நடந்து வருதலும் முறையே நிகழ்வன. இவற்றை வகுத்தோர் குழந்தையை அருகிருந்து நோக்கியவரே என்பதில் ஐயமில்லை. ஆயினும், வருகைக்கும் சிறுதேர்க்கும் இடையே எட்டுத் திங்கள் இடைவெளி அமைந்தது ஏன் என்பது வினவத்தக்கது. இவ்வினாவிற்கு விடை காண்பதற்குச் சங்கச் செய்யுட்களை நோக்குதல் வேண்டும்.

3. சங்கச் செய்யுட்களிற் சிறுதேர்

சிறுதேரைக் கூறும் சங்கச் செய்யுட்களுள் ஆறு ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதலாவது பெரும்பாணாற்றுப்படை. கூடுகள் உயர்ந்து நிற்கும் உழவர் மனைகளை வருணிக்கும் இடத்து, அம்மனைப் புதல்வர் உருட்டும் தேரினைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுகின்றார். தச்சருடைய சிறுவரும் விரும்பும் வண்ணம் செய்யப்பட்டது அத்தேர். ஏறி ஊர்தற்கு ஆகாதது, உருட்டுதற்கே உரியது. அதனை உருட்டித் தளர்ந்த நடையினால் உண்டான வருத்தம் நீங்கப் புதல்வர் செவிலியின் பாலை உண்டு படுக்கையில் உறங்குவர் என்பது அவர் கூற்று.

இரண்டாவது, அப்புலவரே பாடிய பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்து மனையொன்றின் அகன்ற முற்றத்தில் நெல் உலர்கின்றது. அதனைக் கவர வந்த கோழியை ஓட்டும்பொருட்டு மகளிர் தம் காதிலணிந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை, குதிரை பூட்டாது புதல்வர் உருட்டிவரும் சிறுதேரின் வழியில் வீழ்ந்து அதனைத் தடுக்கின்றது. அந்நகரத்தார் அறிந்த பகை இத்தடை ஒன்றே என்பது புலவர் கருத்து. அத்தேர் மூன்று உருளைகளை உடையது எனப் புலவர் வெளிப்படக் கூறுதல் நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் வேண்டுவதாகும்.

மூன்றாவது, ஐங்குறுநூற்று முல்லையில் பேயனார் பாடியது. தலைவன் தன் மனையாளிடத்துக் கொண்ட அன்பினும் மிக்கதாக, புதல்வனிடத்து அவன் கொண்ட அன்பு பெருகுதலைச் செவிலி கூறுகின்றாள். அவ்வன்பு பெருகியது, தந்தையின் பெயர் தாங்கிய அச்சிறுவன் முறுவலோடு சிறுதேர் உருட்டிச் செல்லும் தளர்நடையைக் கண்டமையால் என்கின்றாள்.

நான்காவது, நற்றிணையில் மதுரை ஓலைக்கடையத்தார் பாடியது. காலிற் கிண்கிணி ஒலிக்கத் தெருவில் தேர்நடை பயிலும் புதல்வனை அச்செய்யுள் காட்டுகின்றது. ஐந்தாவது, கலித்தொகையின் மருதக்கலியில் வருவது. ஆண்டு, தாய்ப்பாலையும் மறந்து முற்றத்திலே தேரினைக் கையால் இயக்கி நடை பயிலும் மகனைக் காண்கின்றோம். உடை நெகிழ்ந்து அடியைத் தடுக்கவும், கிண்கிணி ஓவாது ஒலிக்கவும் அவன் நடக்கின்றான்.

ஆறாவது, குறுந்தொகையில் தும்பிசேர் கீரனார் பாடியது. தச்சன் செய்த சிறிய குதிரை வண்டியை ஏறி ஊர்ந்து இன்புறாராயினும், கையினால் ஈர்த்து இன்புறும் இளையோரை அப்புலவர் உவமையாக்குகின்றார்.

இவ்வாறனுள் பெரும்பாணாற்றுப்படையும் ஐங்குறுநூறும் தேரினைத் தளர்நடை என்னும் சொல்லோடு சேர்த்தே கூறுகின்றன. நற்றிணையும் கலித்தொகையும் நடை பயிலுதலோடு சேர்த்துக் கூறுகின்றன. கலித்தொகைச் சிறுவன் இன்னும் பால் மறவாத பருவத்தன். பெரும்பாணாற்றுப்படைப் புதல்வரும் பாலுண்டு உறங்குவோரே. ஆகவே, சங்கச் செய்யுட்களிற் சிறுதேர் என்பது நன்கு நடந்து ஓடும் பிள்ளையின் விளையாட்டு அன்று. நடக்கக் கற்கும் குழந்தையின் துணை என்பது தெளிவாகும்.

4. உருட்டலும் ஈர்த்தலும்

இச்செய்யுட்களின் வினைச்சொற்களை நோக்கின் மற்றொரு வேறுபாடு புலப்படும். பெரும்பாணாற்றுப்படை, பட்டினப்பாலை, ஐங்குறுநூறு என்னும் மூன்றும் தேரினை உருட்டுதலைக் கூறுகின்றன. குறுந்தொகை ஒன்றே ஈர்த்தலைக் கூறுகின்றது. இவ்விரு சொற்களும் ஒருபொருட் பன்மொழியாக வந்தன எனக் கொள்ளுதற்கு இல்லை.

உருட்டுதல் என்பது கருவியைத் தனக்கு முன்னே வைத்துத் தள்ளிச் செல்லுதல். தளர்நடைக் குழந்தை தேரின் மேல் கை வைத்து ஊன்றி நிற்கின்றது. தேர் நகர அதன் பின்னே அடி பெயர்க்கின்றது. கண் முன்னோக்கியே இருத்தலின் வழியும் தெரியும். கை பற்றியிருத்தலின் உடலும் சாயாது. ஈர்த்தலோ கருவியைத் தனக்குப் பின்னே கொண்டு செல்லுதல். அது குழந்தையைத் தாங்காது. குழந்தையே அதனை இழுத்தல் வேண்டும். பின்னே வருவதனைத் திரும்பி நோக்கிக்கொண்டே முன்னே நடத்தற்கு நடை உறுதிப்பட்டிருத்தல் இன்றியமையாதது. எனவே, உருட்டுதல் நடை கற்பார்க்கும் ஈர்த்தல் நடை கற்றார்க்கும் உரியவாதல் தானே பெறப்படும். குறுந்தொகைப் புலவர் புதல்வர் என்னாது இளையோர் என்றமையும், அவர் கூறிய கருவி தேர் அன்றிக் குதிரை வண்டியாயினமையும் இதனோடு ஒத்துச் செல்கின்றன.

உருளை மூன்றாக அமைந்தமையும் ஈண்டு கருதத்தக்கது. மூன்று ஊன்றுகளையுடைய பொருள் சமமில்லா நிலத்தினும் ஆடாது பொருந்தி நிற்கும். நான்கு ஊன்றுகளையுடையதோ மேடுபள்ளத்தில் ஓர் ஊன்று நிலம் தீண்டாது ஆட்டம் கொடுக்கும். இன்றைய மர நடைவண்டியும் மூன்று உருளைகளோடு இயற்றப்படுதல் யாவரும் அறிந்ததே. பட்டினப்பாலைத் தேர்க்கும் இன்றைய நடைவண்டிக்கும் இடையே தொடர்ந்த மரபு உண்டென நிறுவுதற்கு இவ்வொற்றுமை ஒன்றே போதாது. ஆயினும், ஒரே தேவை ஒரே வடிவினைத் தச்சர் கையில் தோற்றுவித்தது எனக் கொள்ளுதற்குத் தடையில்லை.

5. நிரல் மாறியது எவ்வாறு

தளர்நடையும் சிறுதேரும் சங்கச் செய்யுட்களில் இணைந்து நின்றன என்றால், பிள்ளைத்தமிழில் அவை பிரிந்தமைக்குக் காரணம் யாது?

பெரியாழ்வார் திருமொழி இம்மாற்றத்தின் இடைநிலையைக் காட்டுகின்றது. 9-ஆம் நூற்றாண்டினதாகப் பலரும் கொள்ளும் அந்நூலில் தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி என்பவற்றுக்குத் தனித்தனிப் பதிகங்கள் உண்டு. தளர்நடைக்கும் ஒரு பதிகம் உண்டு. சிறுதேர்க்கோ சிறுபறைக்கோ தனிப்பதிகம் இல்லை. அம்புலிப் பதிகம் செங்கீரைப் பதிகத்துக்கு முன் நிற்றலின், பருவநிரல் அந்நாளில் இன்னும் இறுகவில்லை என்பதும் விளங்கும். ஆழ்வார் கண்ணனை ஆயர் மனைக் குழந்தையாகவே கண்டு பாடினார். ஆதலின் கிண்கிணி ஒலிக்கப் புழுதி அளைந்து தவழ்தலும், சங்கிலி ஒலிக்க வரும் யானைபோல் அசைந்து நடத்தலும் அவர் பாடலில் முதன்மை பெற்றன.

12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்தாக அமைந்துவிட்டன. அதன் தலைவன் முடிவேந்தன். வேந்தனாகிய குழந்தைக்குத் தேர் என்பது நடைக்குத் துணையாகும் மரக்கருவி என நிற்றல் பொருந்தாது. அது அவன் பின்னாள் ஊரும் போர்த்தேரின் முன்னறிகுறி ஆகிவிடுகின்றது. சிறுபறை வென்றி முரசின் அறிகுறியாயிற்று. கடவுளரைத் தலைவராகக் கொண்ட பிற்காலப் பிள்ளைத்தமிழ்களில் சிறுதேர் திருவிழாத் தேரினையும் நினைவூட்டலாயிற்று. பெருமை மிக்கதனை இறுதியில் வைத்தல் செய்யுள் மரபு. ஆகவே, வேந்தர்க்கும் இறைவர்க்கும் உரிய தேர், குழந்தைப் பருவத்தின் முடிவில், நூலின் முடிமணியாக நின்றது. தளர்நடைக் குழந்தையின் கையில் இருந்த தேர், வருகைப் பருவத்தினின்று இவ்வாறே விலகியது என யாம் கருதுகின்றோம்.

இதற்கு ஓர் அகச்சான்றும் உண்டு. பிள்ளைத்தமிழ்ச் சிறுதேர்ப் பருவத்துப் பாடல்கள் பெரும்பாலும் தேரினை உருட்டுமாறு வேண்டியே முடிகின்றன; ஊருமாறோ ஈர்க்குமாறோ வேண்டி முடிவதில்லை. பொருள் போர்த்தேராகவும் திருத்தேராகவும் உயர்ந்த பின்னரும், வினைச்சொல் நடை கற்கும் குழந்தையின் பழைய விளையாட்டிற்கு உரியதாகவே நின்றுவிட்டது.

பாட்டியலார் குழந்தையை அறியாதவர் என்பது எம் கருத்தன்று. சிற்றிற் பருவமே அவர் அறிவிற்குச் சான்றாகும். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் மணல்வீடு கட்டுவோர் சிறுமியர்; அதனைக் காலால் அழிக்க வருவோன் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை. அழிக்க வேண்டா என்பதே சிறுமியர் வேண்டுகோள். ஒன்றரை ஆண்டு நிரம்பாத குழந்தைக்கு வீடு கட்டத் தெரியாது. கட்டியதைச் சிதைப்பதிலேயே அதற்குப் பேருவகை. இதனை அருகிருந்து கண்டாலன்றி இப்பருவத்தை இவ்வாறு வகுத்தல் இயலாது. எனவே, சிறுதேர் ஒன்றில் மட்டும் நிரல் பிறழ்ந்தது அறியாமையால் அன்று. பாட்டுடைத் தலைவனின் தகுதி கருதியே ஆகும்.

6. களமும் காவலும்

சங்கச் செய்யுட்கள் கருவியை மட்டும் கூறி அமையவில்லை. விளையாடும் இடமும் உடனிருப்போரும் அவற்றுள் புலப்படுகின்றனர்.

பட்டினப்பாலையிலும் கலித்தொகையிலும் விளையாட்டிடம் முற்றம். முற்றம் வீட்டின் அகமும் அன்று, முழுப்புறமும் அன்று. ஞாயிற்றின் ஒளியும் காற்றும் உண்டு. தேரும் களிறும் வருதல் இல்லை. மேலும், அது மகளிர் தொழில் செய்யும் இடம். நெல்லைக் காத்திருந்த மகளிரின் கண்ணெதிரே குழந்தையின் தேர் உருண்டது. குழந்தையைக் காத்தற்கென ஒருவரை வேறு நிறுத்த வேண்டாதபடி, தொழிலிடமும் விளையாட்டிடமும் ஒன்றாயின.

தெருவிலும் குழந்தை நடை பயின்றதனை நற்றிணை கூறுகின்றது. ஆயின், அங்குத் தந்தை அருகிலிருந்து குழந்தையைத் தழுவிக்கொள்கின்றான். இதனோடு அகநானூற்றில் சாகலாசனார் பாடிய மருதச் செய்யுளை ஒப்பிடுதல் தகும். பொற்றொடி அணிந்த புதல்வன், தேர்கள் இயங்கும் தெருவில் தனியனாய் நிற்கின்றான். அவ்வழி வந்த பரத்தை அவனது உருவ ஒப்புமை கண்டு எடுத்துத் தழுவுகின்றாள். ஊடற்கு ஏதுவாகிய செய்தியைக் கூறுதலே செய்யுளின் நோக்கம். எனினும், தேர் இயங்கும் தெரு என்பதனையும் தனியன் என்பதனையும் புலவர் ஒருங்கு வைத்தமை கேட்போர் நெஞ்சில் ஓர் அச்சத்தை எழுப்பாது போகாது. பெருந்தேர் ஓடும் இடம் சிறுதேர்க்கு உரிய இடம் அன்று என்பதனை அக்காலத்தாரும் உணர்ந்திருந்தனர்.

குழந்தையின் காலில் விடாது ஒலித்த கிண்கிணியும் அணிகலன் என்னும் அளவில் நிற்பதன்று. கண்ணுக்கு மறைந்த குழந்தை காதுக்கு மறையாதிருத்தற்கு அது பயன்பட்டிருத்தல் கூடும். விளையாட்டின் முடிவையும் பெரும்பாணாற்றுப்படை கூறியிருத்தல் நினைக்கத்தக்கது. நடந்து வருந்திய குழந்தைக்குப் பாலும் உறக்கமும் அடுத்து வருகின்றன. களைப்புத் தோன்றியபொழுது ஆட்டத்தை நிறுத்துதலும் அதனைத் தெரிந்தளித்தலின் ஒரு பகுதியே அன்றோ?

ஈண்டு மறுத்தற்கு இயலாத ஓர் உண்மையையும் கூறுதல் வேண்டும். இக்காட்சிகள் செல்வர் மனைக் காட்சிகள். கனங்குழையும் பொற்றொடியும் எல்லார்க்கும் உரியன அல்ல. தச்சருடைய சிறுவரும் விரும்பும்படி அத்தேர் அமைந்தது என்னும் தொடர் தச்சனின் தொழில் திறத்தைப் புகழ வந்தது. ஆயினும், தேரினைச் செய்தவன் பிள்ளைகள் அதனை விரும்பி நோக்க, அதனை உருட்டியவர் பெருமனைப் புதல்வர் என்பதும் அத்தொடரிலேயே அடங்கிக் கிடக்கின்றது. பெண்குழந்தையின் நிலையும் இத்தகையதே. ஈண்டுக் காட்டிய செய்யுட்களுள் தேர் உருட்டுவோர் யாவரும் புதல்வரே. பிள்ளைத்தமிழிலும் வருகை இருபாற்கும் பொது. சிறுதேரோ ஆண்பாற்கே உரியது. நடை இருபாற்கும் ஒன்றாயிருக்க, நடைக்குத் துணையாகிய கருவியை ஒருபாற்கே செய்யுள் மரபு வழங்கிவிட்டது.

7. மணலும் கழங்கும்

பொருட்செலவின்றி எல்லார்க்கும் எய்திய விளையாட்டுப் பொருள் மணலே. நெய்தல் நிலச் சிறுமியர் மணலில் அழுத்தி வைத்து மறந்த புன்னை விதை முளைத்து மரமாயிற்று என்றும், அதனை அவர்க்குத் தங்கை எனத் தாய் கூறினாள் என்றும் நற்றிணைச் செய்யுளொன்று கூறுகின்றது. தொடித்தலை விழுத்தண்டினார் தம் முதுமையில் இளமையை நினைந்து பாடிய புறப்பாட்டில், மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டிய விளையாட்டு முதலில் வருகின்றது. மருதமரக் கிளையேறி ஆழ்ந்த மடுவிற் குதித்து அடிமணலைக் கொணர்ந்த துணிச்சல் பின்னர் வருகின்றது. இளமை வளர வளர விளையாட்டின் இடரும் வளர்தலை இவ்வொரு பாட்டிலேயே காணலாம். மணற்பாவை தொடங்கும் பருவத்திற்கு உரியது. மடு முதிர்ந்த பருவத்திற்கு உரியது.

கழங்கு ஆடுதலும் இவ்வகையில் ஆராயத்தக்கது. கழங்கு கையில் அடங்கும் சிறுகாய். பொருநையாற்று வெண்மணலில் பொன்னாற் செய்த கழங்கு கொண்டு மகளிர் ஆடியதனை ஆலத்தூர் கிழார் புறநானூற்றிற் பாடியுள்ளார். ஆடுவோர் மகளிர், குழவியர் அல்லர். பாட்டியலாரும் பெண்பாற் பருவங்களில் கழங்கினையும் ஊசலையும் இறுதியிலேயே வைத்தனர். எதனையும் வாயிலிடும் குழந்தையின் முன் சிறுகாய்களைப் பரப்புதல் தகாது என்று இந்நூல்கள் விதி கூறவில்லை. ஆயின், அவை காட்டும் வழக்கு அவ்விதியோடு மாறுபடவும் இல்லை.

அகழ்வாராய்ச்சிச் சான்றுகளைக் கையாளுங்கால் இவ்வேறுபாடு பயன்படும். கீழடி அகழாய்வு குறித்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை, சுடுமண்ணாலாகிய வட்டச்சில்லுகளையும் ஆட்டக்காய்களையும் குறிப்பிடுகின்றது. அவற்றைப் பொதுவாகக் குழந்தை விளையாட்டுப் பொருள்கள் எனக் கூறிவிடுதல் எளிது. சில்லுக்கோடு ஒற்றைக்காலில் நின்று தாவும் ஆட்டம். காய்நகர்த்தல் எண்ணும் அறிவு வேண்டும் ஆட்டம். இரண்டும் தளர்நடைப் பருவத்திற்கு உரியன அல்ல. மரத்தாலாகிய சிறுதேர் மண்ணில் மக்கி மறையும். சுடுமண் நிலைத்து நிற்கும். ஆதலின் மிக இளங்குழந்தையின் விளையாட்டை அறிதற்குக் கிடைத்த பொருளைவிடச் செய்யுளே சிறந்த சான்றாக நிற்கின்றது.

8. இக்கால ஆராய்ச்சியும் பழைய சான்றும்

குழந்தை நடை கற்கும் காலத்தைப் பற்றி உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. அதன்படி, பற்றுக்கோட்டுடன் நடத்தல் ஏறத்தாழ 5.9 திங்கள் முதல் 13.7 திங்களுக்குள்ளும், தனித்து நடத்தல் 8.2 திங்கள் முதல் 17.6 திங்களுக்குள்ளும் நிகழ்கின்றன. பாட்டியலார் வருகைக்குக் கூறிய 13-ஆம் திங்கள் இவ்வெல்லைக்குள் நன்கு அமைகின்றது. சிறுதேர்க்குக் கூறிய 21-ஆம் திங்களோ இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது. அத்திங்களில் குழந்தைக்கு நடை கற்பிக்கும் துணை வேண்டுவதில்லை. எனவே, நடைத்துணையாகிய சிறுதேரைத் தளர்நடையோடு சேர்த்த சங்கப் புலவரின் காட்சியே குழந்தையின் இயல்போடு ஒத்தது என்பது இவ்வளவையானும் உறுதிப்படுகின்றது.

இச்செய்தி இன்றைய தேர்விற்கும் பயன்படும். குழந்தையை நடுவே அமர்த்தி, சுற்றிலும் வளையமும் அடியில் உருளைகளும் அமைத்த நடைப்பொறிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றுள் குழந்தை நிற்பதில்லை. தொங்கியவாறு அமர்ந்து காலால் உந்துகின்றது. தன் வலிமைக்கு மீறிய விரைவோடு ஓடிப் படிக்கட்டில் வீழ்தலும், எட்டாத பொருளை எட்டிப் பற்றுதலும் நிகழ்கின்றன. இவ்விடர்களைக் கருதியே கனடா நாடு 2004-இல் இவற்றின் விற்பனையைத் தடை செய்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் இவற்றைத் தடை செய்ய வேண்டுமென வலியுறுத்தியுள்ளது. பெயரால் இதுவும் நடைவண்டி எனப்படினும், பழைய சிறுதேரோடு இதனை ஒன்றெனக் கொள்ளலாகாது. சிறுதேரில் குழந்தை கருவிக்குப் புறத்தே நிற்கின்றது. தன் காலால் தன்னைத் தாங்குகின்றது. கை விட்டால் ஆட்டம் நின்றுவிடுகின்றது. ஏறி ஊர்தற்கு ஆகாத தேர் எனப் பெரும்பாணாற்றுப்படை கூறியது குறையன்று. அதுவே அதன் சிறப்பு. மர நடைவண்டியாயினும் சரிவிலும் படியருகிலும் உருட்டவிடுதல் தகாது என்பதும், உடனிருப்போர் கண் அகலலாகாது என்பதும் சொல்லாமலே அமையும்.

மேற்கூறிய உலக நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறையில், ஓராண்டு முதல் நான்காண்டு வரையுள்ள குழந்தைகள் நாள்தோறும் 180 நிமிடமேனும் உடலியக்கத்தோடு இருத்தல் வேண்டும் எனக் கூறப்பட்டுள்ளது. அவ்வளவு நேரத்தை விலையுயர்ந்த கருவிகளால் நிரப்ப வேண்டுவதில்லை. முற்றமும் மணலும் உருட்டுதற்கு ஒரு மரத்தேரும் நிலாவும் அதற்குப் போதியன. நிலாவை விளையாட்டுத் தோழனாக அழைத்தலும் பழைய வழக்கே. பொற்றாலி அணிந்த தன் மகனிடம் வந்தால் பால் தருவதாகத் திங்களை அழைக்கும் தாயை அகநானூறு காட்டுகின்றது. அம்புலிப் பருவத்தின் வித்து அச்செய்யுளிலேயே உள்ளது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு:

சங்கச் செய்யுட்களில் சிறுதேர் தளர்நடைக் குழந்தையின் நடைத்துணையாக நின்றது. உருட்டுதல் நடை கற்பார்க்கும், ஈர்த்தல் நடை கற்றார்க்கும் உரியவாய் வேறுபட்டன. பிள்ளைத்தமிழில் பாட்டுடைத் தலைவனின் பெருமை நோக்கித் தேர் இறுதிப் பருவத்திற்குச் சென்றது. உருட்டுதல் என்னும் வினை மட்டும் பழைய நிலையைக் காட்டி எஞ்சியது. ஆதலின், பாட்டியல் நிரலை அவ்வாறே குழந்தை வளர்ப்பு வரலாறாகக் கொள்ளுதல் முற்றும் பொருந்தாது. ஒவ்வொரு பருவத்தையும் தனித்தனியே முன்னைச் செய்யுட்களோடு ஒப்பிட்டே கொள்ளுதல் வேண்டும். சிறுபறைக்கும் ஊசலுக்கும் இத்தகைய ஒப்பீடு இனிச் செய்யத்தக்கது.

சிறிய கருவி, உறுதியான அமைப்பு, அடைப்புள்ள வெளியிடம், அருகில் ஒருவர் கண், களைத்தபொழுது ஓய்வு என்னும் ஐந்தும் சேர்ந்ததே பழந்தமிழர் தளர்நடைக் குழந்தைக்குத் தெரிந்தளித்த விளையாட்டு. இவ்வைந்தனையும் எந்நூலும் விதியாக வகுத்துரைக்கவில்லை. செவிலியர் நாவிலும் தச்சர் கையிலும் வழங்கிய அறிவு இது. வேறு பொருளைச் சொல்லப் புகுந்த புலவர் வாய்மொழியில் தற்செயலாகத் தங்கியமையால் நமக்குக் கிடைத்தது. இலக்கண நூல்களின் நிரலைப் போற்றும் நாம், இவ்வெழுதா அறிவிற்கும் ஆராய்ச்சியில் உரிய இடம் அளித்தல் கடனாகும்.